‘டிரைவ் இல்லை’ என்று சொல்வது யார்?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீடாமங்கலம் பக்கம் உரக்கடை. பில்லும் கடன் கணக்கும் 64 ஜிபி உள்ள பத்து இஞ்ச் விண்டோஸ் டேப்லெட்டில். ஐப்பசி மழையில் நாலு நாள் கரண்ட் இல்லாமல் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. கரண்ட் வந்ததும் சார்ஜ் போட்டு ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. பழுது பார்க்கும் கடையில் ‘உள்ளே இருக்கிற டிரைவ் செத்துப்போச்சு, போர்டு மாற்ற வேண்டும், 8,500 ரூபாய்’ என்றார்கள். சம்பாவுக்கு அடியுரமும் மேலுரமும் கடனுக்கு எடுத்தவர்களின் பற்று வரவு முழுவதும் அதற்குள் இருக்கிறது, தை அறுவடைக்கு வசூல் செய்தாக வேண்டும், என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

முதலில், போர்டை மாற்றச் சொல்லாதீர்கள். உங்கள் டேப்பில் ஸ்டோரேஜ் தனியாகக் கழற்றி எடுக்கும் டிரைவ் இல்லை. இஎம்எம்சி என்ற ஒரே ஐசியாக, அதாவது ஒரே சிப்பாக, போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். பழைய போர்டு போனால் கணக்கும் அதோடு போய்விடும். இரண்டாவது, யாராவது ‘விண்டோஸ் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம்’ என்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். டிரைவ் உயிரோடு இருந்தால் அந்த வேலையே கணக்கை அழித்துவிடும். உயிரோடு இல்லையென்றால் விண்டோஸ் ஏறவே ஏறாது. உங்கள் நிலையில் அதனால் லாபம் எதுவும் இல்லை.

கும்பகோணத்தில் பதினான்கு வருடமாக இந்த வேலை செய்கிறேன். ‘டிரைவ் தெரியவில்லை’ என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: தெரியவில்லை என்று சொன்னது யார்? இதைச் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர். ஒன்று, ஆன் செய்ததும் முதலில் எழுந்திருக்கும் பயாஸ். இப்போது அதன் பெயர் யூஇஎஃப்ஐ. இரண்டு, பென்டிரைவிலிருந்து ஓடும் விண்டோஸ் இன்ஸ்டாலர் அல்லது விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ். மூன்று, ஏற்கெனவே உள்ளே இருக்கும் விண்டோஸ். மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும் அர்த்தம் வேறு வேறு. ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்பதற்கு ‘டிரைவ் இல்லை’ என்று பொருள் கிடையாது. ‘எழுப்பிவிடக்கூடிய எதையும் நான் காணவில்லை’ என்றுதான் பொருள். வீடு இருக்கிறது, முகவரிச் சீட்டுதான் தொலைந்துவிட்டது என்ற நிலையிலும் இதே வாக்கியம்தான் வரும். நீங்கள் காட்டிய பழுது கடைக்காரர் திரையில் வந்த வரியோடு நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். பயாஸுக்குள் போய்ப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை.

சரி, வரிசையாகப் போவோம்.

தொடங்கும் இடம் பேட்டரி. நாலு நாள் அணைந்து கிடந்த லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ் மிகவும் கீழே இறங்கியிருக்கும். ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், வழக்கமாக 3 வோல்ட் பக்கம் வந்ததும் டேப் தன்னை அணைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போன செல்லுக்குச் சார்ஜர் ஐசி உடனே முழுக் கரண்டைக் கொடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முதலில் மேலே கொண்டுவரும். சார்ஜ் போட்ட பத்தாவது நிமிடத்தில் ஆன் செய்தால் திரைக்கும் பிராசசருக்கும் கரண்ட் போய், மீதி போர்டுக்குச் சரியான வோல்டேஜ் வராமல் தடுமாறும். இஎம்எம்சிக்கு 3.3 வோல்ட், 1.8 வோல்ட் என்று இரண்டு சப்ளை வேண்டும். ஏதாவது ஒன்று தள்ளாடினாலும் அது பதில் சொல்லாது, பயாஸும் ‘இல்லை’ என்றுவிடும்.

ஆகவே டேப்போடு வந்த சார்ஜரையே போட்டு, ஆன் செய்யாமல், ஐந்து ஆறு மணி நேரம் விடுங்கள். போன் சார்ஜர் வேண்டாம். 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜரில் சார்ஜ் ஏறுகிற அடையாளம் காட்டும், ஆனால் டேப் ஓடும்போது அது இழுக்கும் கரண்டுக்கு ஈடு கொடுக்காது. சாயங்காலம் பல்பு மங்கி எரிகிற நேரத்தையும் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தையும் விட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் போடுங்கள். நம் ஊரில் லைன் நிதானமாக இருக்கும் நேரம் அதுதான். அதற்கு முன், டேப்பை மேஜையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். திரை எங்காவது மேலே தூக்கியிருந்தாலோ பின்மூடி உப்பியிருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும். அதை அழுத்தவும் குத்தவும் கூடாது. போர்டை வளைத்து ஈயத்தில் விரிசல் உண்டாக்குவதும் அதே பேட்டரிதான். அப்படி இருந்தால் பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோவதுதான் அடுத்த வேலை.

சார்ஜ் ஏறியதும் பவர் பட்டனை முப்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். போர்டு முழுக்க அணைந்து, அரைகுறையாக நின்றிருந்த சப்ளைகள் விடுபடும். ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். இதிலேயே விண்டோஸ் வந்துவிட்டால் வேறு எதையும் தொடாதீர்கள். நேராகப் பற்று வரவு ஃபைலைப் பென்டிரைவில் காப்பி எடுங்கள். அப்புறம் பேசலாம்.

வரவில்லையா, பயாஸுக்குள் போக வேண்டும். கீபோர்டு இருந்தால் ஆன் செய்தவுடன் எஃப்2, டெலீட், எஸ்கேப் மூன்றையும் ஒவ்வொரு முறை ஒன்றாகத் தட்டிப் பாருங்கள். கீபோர்டு இல்லாத டேப்களில் வால்யூம் பட்டனைப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்த வேண்டும். சர்ஃபேஸில் அது வால்யூம் கூட்டும் பட்டன், வேறு சில கம்பெனிகளில் குறைக்கும் பட்டன்.

உள்ளே போனதும் முதலில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் அது நல்ல தடயம். இந்த மாதிரி டேப்கள் பலவற்றில் கடிகாரத்துக்குத் தனியாக நாணய வடிவ பேட்டரி கிடையாது. பெரிய பேட்டரி முழுதாக வற்றினால் கடிகாரமும் நின்றுவிடும். அதைக் கண்ட பயாஸ் தன் அமைப்புகளைக் கம்பெனி கொடுத்த ஆரம்ப நிலைக்குத் திருப்பிவிடுவதும் உண்டு. துவக்க வரிசை மாறியிருக்கும், சில மாடல்களில் ஸ்டோரேஜ் வேலை செய்யும் முறையே மாறியிருக்கும். நாலு நாள் கரண்ட் இல்லாத உங்கள் கதைக்கு இது மிகவும் பொருந்துகிறது. அதனால்தான் போர்டை மாற்றாதீர்கள் என்று முதலிலேயே எழுதினேன்.

அடுத்து, பூட், அட்வான்ஸ்டு, ஸ்டோரேஜ் என்ற தலைப்புகளின் கீழ் தேடுங்கள். இஎம்எம்சி அங்கே கம்பெனி பெயரோடு வரும். ‘சான்டிஸ்க் டிஎஃப்4064’ என்பது போல, பலருக்கும் அது டிரைவ் பெயர் என்றே தோன்றாது. பெயரும் 58 ஜிபி போல ஓர் அளவும் தெரிந்தால் உங்கள் ஸ்டோரேஜ் உயிரோடு இருக்கிறது. 64 என்று எழுதி விற்பது 58 என்று தெரிவதில் குறை எதுவும் இல்லை. விற்பவர் ஆயிரம் ஆயிரமாகவும் மெஷின் 1,024 ஆகவும் கணக்கிடுவதால்தான் வித்தியாசத்தில் பெரும்பகுதி வருகிறது.

பயாஸில் எதையாவது மாற்றும் முன் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் டேப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே, நீங்கள் கேட்காமலே, ஸ்டோரேஜ் முழுவதும் பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பது அதுதான். செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பை அணைத்தாலோ, இந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் என்ற பகுதியை அழித்தாலோ, அடுத்த முறை 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் ரெகவரி கீ பக்கத்தில் இருக்கும். இன்றைக்கே போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாவி இருந்தால் காகிதத்தில் எழுதி வையுங்கள். டேப் வாங்கியபோது யாருடைய மெயிலைப் போட்டீர்கள் என்று அப்பாவிடமும் கேளுங்கள். விற்ற கடைப் பையன் தன் மெயிலைப் போட்டுக் கொடுத்த டேப் ஒன்று என் மேஜையில் இரண்டு மாதம் கிடந்திருக்கிறது. டிரைவில் ஒரு குறையும் இல்லை, சாவிதான் இல்லை. மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிபிஎம் அழிக்கும் வரியை மட்டும் எந்த நிலையிலும் தொடாதீர்கள்.

இப்போது பாதை இரண்டாகப் பிரிகிறது.

பெயர் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் வரவில்லை என்றால் முகவரிச் சீட்டுதான் தொலைந்திருக்கிறது. பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை முதலில் வைத்துச் சேமித்து வெளியே வாருங்கள். இல்லையென்றால், விலை குறைந்த டேப்கள் சிலவற்றில் தானாகவே ஒரு கறுப்புத் திரை வந்து ‘ஷெல்’ என்று நிற்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். என் அனுபவத்தில் அது ஒரு வரம். அங்கே ‘மேப்’ என்று டைப் செய்தால் கண்ணில் படும் ஸ்டோரேஜ்களையெல்லாம் பட்டியல் போடும். அதில் ‘எஃப்எஸ்0’ என்று ஒரு வரி வந்தால் படிக்கக்கூடிய பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குள் போய், இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட் என்ற ஃபோல்டர்களைக் கடந்து, ‘பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ’ என்ற ஃபைலைக் கையால் ஓடவிட்டால் விண்டோஸ் எழுந்துவிடும். இப்படி எழுப்பி, உள்ளே நுழைந்து, முதலில் கணக்கைக் காப்பி எடுத்து, அதற்குப் பிறகு துவக்கத்தைச் சரி செய்வதுதான் என் வழக்கம்.

அந்த ஃபைலே கெட்டுப்போயிருந்தால் அதைத் திரும்ப எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்து அணைந்தால் அப்படிக் கெடும். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவிலிருந்து ஏறி, இன்ஸ்டால் பட்டனை அழுத்தாமல் ‘ரிப்பேர்’ வழியாகக் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போங்கள். டிஸ்க்பார்ட்டில் ‘லிஸ்ட் வால்யூம்’ போட்டால் ஃபேட்32 வகையில் 100 எம்பி பக்கம் ஒரு சின்னப் பகுதி தெரியும். அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, ‘பிசிடிபூட்’ கட்டளையில் விண்டோஸ் ஃபோல்டரையும் அந்த எழுத்தையும் காட்டினால் துவக்க ஃபைல்கள் புதிதாக எழுதப்படும். உங்கள் கணக்கு இருக்கும் பகுதியை இது தொடாது. டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன்’ என்று ஒரு கட்டளை உண்டு. யார் சொன்னாலும் அதைப் போடாதீர்கள். ஒரு நொடியில் பகுதிகளின் பட்டியலையே துடைத்துவிடும். கமாண்டில் பழக்கம் இல்லையென்றால் இந்தப் பத்தியை உங்கள் கடைக்காரரிடம் காட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். பதினைந்து நிமிட வேலை.

பயாஸில் பெயரே இல்லை என்றால் கொஞ்சம் நீளம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பயாஸில் ‘லோட் டிஃபால்ட்ஸ்’ போட்டுச் சேமித்து, முழுதாக அணைத்து, ஒரு நிமிடம் விட்டுத் திரும்பப் பாருங்கள். இஎம்எம்சி, எஸ்சிசி என்று ஏதாவது தலைப்பில் ‘டிசேபிள்’ என்றிருந்தால் ‘எனேபிள்’ ஆக்குங்கள். அப்போதும் இல்லையென்றால், மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மாட்டுவது அடுத்தது. பேட்டரி உள்ளேயே இருக்கும் மெஷினுக்கு உண்மையான அணைப்பு என்பது அதுதான். இதைத் திறக்கப் பழகியவர் செய்யட்டும். திரையின் ஸ்ட்ரிப் கிழிந்தால் இன்னொரு செலவு.

அதற்குப் பிறகும் இல்லையா, லினக்ஸ் பென்டிரைவ். என் மேஜையில் இதைவிட நேர்மையாகப் பேசும் கருவி கிடையாது. இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓட விட்டால் போதும். இதில் சிக்கல் என்னவென்றால், ஆட்டம் இசட்3735எஃப் போன்ற பழைய பிராசசர் உள்ள டேப்களில் பிராசசர் 64 பிட், பயாஸ் மட்டும் 32 பிட். சாதாரண 64 பிட் பென்டிரைவை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. ‘பென்டிரைவும் தெரியவில்லை, எல்லாம் போச்சு’ என்று பலர் கைவிடுவது இங்கேதான். 32 பிட் யூஇஎஃப்ஐக்கான துவக்க ஃபைல் உள்ள பென்டிரைவ் தயார் செய்ய வேண்டும். சார்ஜுக்கும் பென்டிரைவுக்கும் ஒரே ஓட்டைதான் இருக்கும் என்பதால், பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்டு, ஓடிஜி கேபிளில் ஹப் போட்டுக் கீபோர்டையும் பென்டிரைவையும் செருகுங்கள்.

லினக்ஸ் வந்ததும் ‘எல்எஸ்பிஎல்கே’ என்று கேட்டால் இருப்பதை எல்லாம் சொல்லும். இஎம்எம்சி அங்கே ‘எம்எம்சிபிஎல்கே’ என்ற பெயரில் வரும். பயாஸ் காணாததை லினக்ஸ் கண்டுபிடித்துக் கொடுத்த நாட்கள் உண்டு. வந்துவிட்டால், எழுத முடியாதபடி படிக்க மட்டும் திறந்து, கணக்கு ஃபைல்களை வெளி டிரைவுக்கு எடுங்கள். படிக்கும்போது திணறினால் ஃபைல் ஃபைலாக இழுக்காமல் ‘டிடிரெஸ்க்யூ’ வைத்து முழு ஸ்டோரேஜையும் ஒரு படமாக எடுக்க வேண்டும். நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். நோயாளியை ஓட விடாமல் படுக்க வைத்து வைத்தியம் செய்வது போல. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் இந்தப் படத்தைத் திறக்கவும் அந்த 48 இலக்கம் வேண்டும்.

எல்எஸ்பிஎல்கே ஒன்றும் சொல்லவில்லையென்றால் ‘டிமெசேஜ்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் கெர்னல் பதிவை, அதாவது லினக்ஸ் தனக்குள் குறித்துவைக்கும் பதிவைப் பாருங்கள். அதில் ‘எம்எம்சி0’ என்ற வரியில் மைனஸ் 110 என்று வந்தால், கூப்பிட்டும் ஐசி பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். சப்ளை வரவில்லை, அல்லது ஈயம் விட்டிருக்கிறது, அல்லது ஐசி போயிருக்கிறது. மைனஸ் 84 என்று வந்தால் பதில் வருகிறது, ஆனால் வழியில் சிதைந்து வருகிறது. அப்போது ஐசி சாகவில்லை, பாதையில் கோளாறு இருக்கலாம். ஈரம், பச்சை பூத்த இடம், விரிசல் என்று தேடலாம். ‘டிரைவ் செத்துப்போச்சு’ என்ற ஒரே வார்த்தைக்குள் இந்த இரண்டும் அடங்கிவிடுகின்றன. ஒன்றுக்குச் செலவு சில நூறு ரூபாய், மற்றொன்றுக்குச் சில ஆயிரம்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து நோய் அது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கடுத்த மாதங்களில் என் மேஜைக்கு வந்தவற்றில் இரண்டு வகை தெளிவாகத் தெரிந்தது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி உள்பகுதியிலிருந்து வந்தவை பெரும்பாலும் வெறுமனே சார்ஜ் வற்றியவை, பொறுமையாகச் சார்ஜ் ஏற்றினால் எழுந்தன. கடற்கரையிலிருந்தும் உப்பளம் பக்கத்திலிருந்தும் வந்தவை வேறு. தண்ணீரே படாத டேப்பின் உள்ளேகூட கனெக்டர் கால்கள் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்திருந்தன. உப்புக் காற்று காய்ந்திருக்கும்போது சும்மா இருக்கும். ஈரம் ஏறியதும் அதே உப்பு கரண்டைக் கடத்தத் தொடங்கும். டேப் அணைந்து கிடந்தாலும் பேட்டரி இணைந்திருப்பதால் போர்டின் சில இடங்களில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், அந்த இடங்கள்தான் முதலில் அரிக்கும்.

உரக்கடை என்பதால் உங்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். யூரியாவும் பொட்டாஷும் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. மழைக்காலத்தில் மூட்டை கசிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பொட்டாஷ் என்று நாம் விற்பது குளோரைடு உப்புதான். அந்தத் தூசி சார்ஜ் ஓட்டை வழியாகவும் ஸ்பீக்கர் வலை வழியாகவும் உள்ளே போய்ப் படிந்தால், கடற்கரையில் நடப்பது நீடாமங்கலத்திலும் நடக்கும். டேப்பைத் திறப்பவரிடம் ‘உரக்கடையில் இருந்தது, கனெக்டர்களையும் இஎம்எம்சி சுற்றியும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்’ என்று கட்டாயம் சொல்லுங்கள். பூத்திருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ் வைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்.

நனைந்ததை அரிசி டப்பாவில் புதைப்பது நம் வீடுகளில் வழக்கம். நெல் விளையும் ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லை என்பதால் கை முதலில் அங்கேதான் போகும். செய்யாதீர்கள். அரிசி வெளியே இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம், போர்டில் படிந்த உப்பை அதனால் எடுக்க முடியாது. தவிட்டுத் தூசி ஓட்டைகளுக்குள் போய் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதைத்து வைத்த அத்தனை நாளும் அரிப்பு உள்ளே தொடர்ந்து நடக்கும். நனைந்தால் அணைப்பது, சார்ஜ் போடாமல் இருப்பது, சீக்கிரம் திறந்து பேட்டரியைக் கழற்றுவது, இந்த மூன்றுதான் பலன் தரும்.

கீழே விழுந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. விழுந்திருந்தால் ஐசியின் அடியில் இருக்கும் ஈய உருண்டைகளில் ஒன்றிரண்டு விட்டிருக்கலாம். இஎம்எம்சியின் அடியில் பொதுவாக 153 உருண்டைகள் இருக்கும். ஐசி மேல் விரலால் லேசாக அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் டிரைவ் தெரிகிறது, விட்டால் மறைகிறது என்றால் அதுதான் காரணம். ஹாட் ஏர் காட்டி ஈயத்தை இளக்கினால் திரும்ப ஒட்டும், ஆனால் சில நாள்தான் தாங்கும். அப்படி எழுந்த அந்தச் சில நாளை டேப் பயன்படுத்துவதற்கு வைத்துக்கொள்ளாமல், எழுந்த அந்த நிமிடமே கணக்கை எடுத்துவிடுங்கள். நிலையான வழி, ஐசியை எடுத்து ரீபால் செய்து, அதாவது ஈய உருண்டைகளைப் புதிதாக இட்டு, திரும்ப வைப்பது.

டேப் பழசா என்பதும் முக்கியம். இஎம்எம்சிக்கு எழுதும் ஆயுள் உண்டு, அதைத் தனக்குள்ளேயே குறித்துக்கொண்டும் வரும். லினக்ஸில் ‘எம்எம்சி’ கருவி வைத்துக் கேட்டால் ஆயுள் கணக்கைப் பத்துப் பத்து சதவீதமாகச் சொல்லும். 1 என்றால் பத்து சதவீதத்துக்குள் தேய்மானம், 10 என்றால் கிட்டத்தட்ட முடிந்தது, 11 என்றால் கணக்கிட்ட ஆயுளைத் தாண்டிவிட்டது. ஆயுள் முடிந்த ஐசிகளில் ஒரு விநோதம் உண்டு. திடீரென்று மறையாமல், எழுத மறுத்துவிட்டுப் படிக்க மட்டும் விடும். நீங்கள் அழித்த ஃபைல் ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்து நிற்கும், போட்ட பில் காணாமல் போகும். ஐப்பசிக்கு முன் இப்படி எதுவும் நடந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள். நடந்திருந்தால் என் கணிப்பை மாற்றிக்கொள்வேன்.

இதே தலைப்பைத் தேடி வரும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறது, விண்டோஸ் இன்ஸ்டாலரில் மட்டும் டிரைவே காட்டவில்லை, மெஷின் இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிறகோ என்றால், பெரும்பாலும் விஎம்டி என்ற அமைப்புதான் காரணம். இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் தெரிந்துவிடும். சர்ஃபேஸ் புரோ 7 பிளஸ், புரோ 8 போன்றவற்றில் எஸ்எஸ்டி கழற்றக்கூடிய 2230 அளவு. அதைக் கழற்றி வேறு மெஷினில் போட்டுச் சோதித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆண்ட்ராய்டு டேப் லோகோவிலேயே நின்று, கம்ப்யூட்டரில் செருகினால் ‘குவால்காம் 9008’ என்று காட்டினால், துவக்க நிரல் ஸ்டோரேஜிலிருந்து எதையும் படிக்க முடியாமல் நிற்கிறது என்று பொருள் கொள்ளலாம். அதில் பெரும்பாலும் டேட்டா பூட்டப்பட்டிருக்கும் என்பதால் ஐசியைக் கழற்றிப் படித்தாலும் பயன் குறைவு.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். மேலே சொன்ன எதற்கும் டிரைவ் வரவில்லை என்றால், இஎம்எம்சியைப் போர்டிலிருந்து கழற்றாமலே, அதன் சிஎம்டி, கிளாக், டேட்டா0 புள்ளிகளில் மெல்லிய ஒயர் வைத்து, சப்ளை கொடுத்துப் படிக்கும் முறை இருக்கிறது. ஐஎஸ்பி என்பார்கள். செல்போன் ரிப்பேரில் கைதேர்ந்தவர்கள் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இதைச் செய்கிறார்கள், சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். 3.3, 1.8 இரண்டு சப்ளையும் இஎம்எம்சிக்கு வருகிறதா, மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? டேட்டா வேண்டும், டேப் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு எவ்வளவு? வேலை நடக்காவிட்டால் பழைய போர்டு எனக்குத் திரும்பி வருமா? மீட்டரே வைக்காமல் போர்டு விலை சொல்பவரிடம் டேப்பை விட்டுவராதீர்கள்.

இதற்கிடையில் பற்று வரவைத் திரும்பக் கட்ட முடியுமா என்றும் பாருங்கள். பில்லிங் சாஃப்ட்வேர் தானாகவே மெயிலுக்கோ கிளவுடுக்கோ பேக்கப் அனுப்பியிருக்கலாம், அதன் கம்பெனிக்குப் போன் செய்து கேளுங்கள். பில் புக்கின் கார்பன் தாள்கள் இருந்தால் ஒன்றையும் எறியாதீர்கள். வாட்ஸ்அப்பில் விவசாயிகளுக்கு அனுப்பிய பில் போட்டோக்கள் உங்கள் போனில் இன்னும் இருக்கும்.

இன்றிரவு சார்ஜ் போட்டுவிட்டு, நாளைக் காலையில் பயாஸில் மூன்றைக் குறித்து எழுதுங்கள்: என்ன தேதி காட்டுகிறது, ஸ்டோரேஜ் பெயர் ஏதாவது வருகிறதா, பூட் வரிசையில் என்னென்ன வரிகள். கூடவே டேப்பின் மாடல் நம்பரும் பின்பக்க போட்டோவும். மாடல் தெரிந்தால் 32 பிட் பென்டிரைவ் வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். வேண்டுமென்றால் நானே தயார் செய்து வைக்கிறேன், கும்பகோணம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.